நிலவறையில் ஒரு நிம்பஸ்

எஸ்பியர்க்
6.4.1986

அண்ணைக்கு,

உறையின் பின்புறத்தில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் மிச்சத்தையும் வாசியுங்கள். நலம் கேட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. பதினொரு வருடம் விசாரிக்காத நலத்தை இன்றைக்கு விசாரித்து என்ன ஆகப்போகிறது.

நீங்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறீர்கள் என்று இங்கே டெனிஷ் வகுப்பில் ஒருவர் சொன்னார். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில், மூன்றாம் மாடியில். முகவரியும் அவர்தான் தந்தார். பத்து மாதமாக அது அலுமாரியில் கிடந்தது. இப்போது தேவை வந்ததால் எடுத்தேன்.

விசயம் இதுதான். இவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க நினைக்கிறார். புதியது இல்லை. 1951இல் இந்த நாட்டிலேயே செய்த நிம்பஸ், பக்கத்தில் சைட்காரும் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஓடாமல் கிடக்கிறதாம். விற்கிறவர் இங்கர் என்ற ஒரு விதவை. ஜூன் முடிவில் மகளோடு போய் இருக்கப் போகிறார், அதற்குள் நிலவறையைக் காலி செய்ய வேண்டும் என்று பேப்பரில் போட்டிருக்கிறார். நூலகத்தில் வரைபடம் எடுத்துப் பார்த்தேன். உங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு.

ஓடாத வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் நாலு பேரை வேலைக்கு வைத்துக் கராஜ் நடத்திய மனிதர் இங்கே துறைமுகத்தில் மீன் கழிவுப் பெட்டிகளுக்குத் தண்ணீர் அடிக்கிறார். எந்தக் கராஜுக்குப் போனாலும் ஸ்வெண்டபிரெவ் எங்கே என்கிறார்கள், அதாவது தொழில் பழகி முடித்த சான்றிதழ். எய்னார் என்று ஒருவர் இங்கே பழைய மோட்டார் சைக்கிள்களை மட்டும் திருத்தும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் இவரிடம் சொன்னார்: ‘செத்துக் கிடக்கிற ஒரு நிம்பஸை நீயே எழுப்பிக்கொண்டு வந்து காட்டு. மற்றதை நான் தொழிற்சங்கத்தில் கதைக்கிறேன்.’

எங்களிடம் இருப்பது முழுவதும் இதற்குப் போய்விடும். அதனால் பார்க்காமல் வாங்க முடியாது. இவருக்கு மே 20வரை லீவு கிடையாது. அங்கே எங்களுக்குத் தெரிந்த கண் உங்களுடையது மட்டும்தான், அது என்னுடைய கெட்டகாலம். போய்ப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா, துரு மேலோடு நிற்கிறதா, என்ன குறைகிறது, பத்திரம் இருக்கிறதா என்று எழுதுங்கள்.

உங்கள் மோட்டார் சைக்கிளைத் திருத்திக் கொண்டுவந்து தந்த மனிதரைப் படலைக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைத்து நீங்கள் பேசியதை நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவரைத்தான் கட்டினேன். அவருக்காக நீங்கள் ஒரு நிலவறையில் அரை மணி நேரம் நிற்பது பெரிய விசயமில்லை.

சரோஜினிதேவி


புரொண்பி
14.4.1986

சரோஜினிதேவி,

உன் கடிதம் கிடைத்தது. உன் மச்சாள் தவமணி உறையை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். நான் அதைத் திறக்கும்வரை அவளுடைய கறி கொதிக்கவில்லை.

உன்னைவிட அவன் கெட்டிக்காரன். தான் எழுதினால் குப்பைக்குப் போகும் என்று தெரிந்து உன்னை எழுத வைத்திருக்கிறான். பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒரு தங்கை தமையனுக்கு எழுதுகிறாள், தாய் தகப்பனைப் பற்றி ஒரு சொல் இல்லை, பழைய இரும்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அந்த வீட்டுக்குப் போனால் இப்படித்தான் ஆகும் என்று அப்போதே சொன்னேன்.

நான் இதற்கென்று போகவில்லை. பால் வாங்கப் போகும் வழி. அந்தக் கிழவி உயரமானவள், நரைத்த தலை, கையில் சாவிக்கொத்து. நிலவறையின் மூலையில் ஒரு பழைய கம்பளியை இழுத்துப் போட்டுவிட்டு, அரசனைக் காட்டுவது போல் கையைக் காட்டினாள். அதற்குக் கீழே இருந்ததை மோட்டார் சைக்கிள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உடம்பு முழுவதும் தட்டை இரும்பு. பெரியாஸ்பத்திரிக் கட்டிலை வளைத்து ஆணி அடித்தது போல் இருக்கிறது. எஞ்சினின் தலையில் சுருளும் கம்பியும் வெளியே தெரிகிறது. மூடி தொலைந்திருக்க வேண்டும். கீழே விரித்த பேப்பர் முழுக்க ஒயில். சைட்கார் என்று நீ எழுதியது ஒரு குளிக்கும் தொட்டி, உள்ளே பூஞ்சணம். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி, செயின் இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டான், அது அந்தக் கிழவிக்கே தெரியாது. நானும் அவளிடம் சொல்லவில்லை. கணவன் செத்தவளுக்கு இன்னொரு துக்கம் எதற்கு.

வாங்கப் போவது நானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வேறு ஒரு ஆளுக்காக விசாரிக்கிறேன் என்றேன்.

பத்திரம் இருக்கிறது. வெடிப்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை வாங்குகிறவனுக்கு மூளை பரிசோதிக்க வேண்டும். மீன் கழிவு கழுவுவது அவனுக்குப் பொருத்தமான வேலை, கடவுள் பார்த்துக் கொடுத்தது. விட்டுவிடச் சொல்.

பாலேந்திரா


எஸ்பியர்க்
20.4.1986

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கு உரத்து வாசித்தேன். ‘அவன்’ என்று வந்த இடமெல்லாம் ‘அவர்’ என்று மாற்றி வாசித்தேன். இரண்டாவது இடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ‘உம்மடை கொண்ணை எழுதினபடியே வாசியும், அப்பதான் எனக்குச் சாமான் விளங்கும்’ என்றார்.

செயின் இல்லை என்ற இடத்தில் கதிரையிலிருந்து சரிந்து சிரித்தார். நிம்பஸுக்குச் செயின் கிடையாது. காரில் இருப்பது போல ஒரு தண்டுதான் பின்சில்லைச் சுற்றும். தட்டை இரும்புச் சட்டமும் அப்படித்தான், எஞ்சினின் தலை திறந்திருப்பதும் அப்படித்தான். நீங்கள் குறை என்று எழுதியதெல்லாம் அதன் பிறவிக்குணம். மற்றவர்கள் அளந்த காணிக்கு இருபது வருடம் கையெழுத்து வைத்தவருக்குத் தன் கண்ணால் ஒரு சாமானைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

ஒயில் ஒழுகியதாக எழுதினீர்களே, அதைக் கேட்டு மிகவும் சந்தோசப்பட்டார். ‘காய்ஞ்சு போயிருந்தாத்தான் பயம். உள்ளுக்கை இன்னும் ஒயில் கிடக்கு’ என்றார். நீங்கள் வெறுப்பில் எழுதிய ஒவ்வொரு வரியும் அவருக்கு நல்ல செய்தியாகப் போய்ச் சேர்ந்தது.

இனி ஒரே ஒரு சோதனை. அதைச் செய்யாமல் முடிவெடுக்க மாட்டார். கியரை எடுத்துவிட்டு, உதைக்கும் கம்பியைக் காலால் மெதுவாக அழுத்த வேண்டும். இறங்கினால் எஞ்சினில் உயிர் இருக்கிறது. கல்லுப் போல நின்றால் பிஸ்டன் பிடித்துவிட்டது என்று அர்த்தம், எங்களுக்கு வேண்டாம். சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கமும் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றா என்றும் பாருங்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவுவதாக அதே டெனிஷ் வகுப்புக்காரர் சொன்னார். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நானும் நாள் முழுக்க நின்று மீன் வெட்டுகிறேன். ஆனால் தட்டுக் கழுவிய கையால் ‘அவன்’ என்று எழுதும்போது பேனா வழுக்கவில்லையா?

தாய் தகப்பனைப் பற்றி நான் எழுதவில்லை என்கிறீர்கள். அம்மா செத்ததை மூன்று மாதம் கழித்து மீன் சந்தையில் கேட்டு அறிந்தவள் நான். அறிவிக்க வேண்டாம் என்று சொன்னது யார்?

சரோஜினிதேவி


புரொண்பி
29.4.1986

சரோஜினிதேவி,

நான் உணவுப் பகுதியில் வேலை செய்கிறேன். தட்டுகளை இயந்திரம் கழுவுகிறது. நான் அடுக்குவதும் எடுப்பதும்தான். இதை உன் டெனிஷ் வகுப்புக்காரரிடம் சொல்லி வை. தன் பிழைப்பைப் பார்க்கச் சொல்.

அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் கோட் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்து அந்தக் கிழவி தலையை ஆட்டினாள். செத்துப்போன புருசனுடைய நீல ஓவரோல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். போடாமல் விடமாட்டாள் போலிருந்தது. நில அளவைத் திணைக்களத்துப் பிரதம லிகிதர் ஒரு டெனிஷ் கூலியின் உடுப்புக்குள் நின்ற காட்சியை நினைத்து உன் வீட்டில் இன்னொரு முறை கதிரையிலிருந்து விழட்டும்.

கம்பியை அழுத்தினேன். முதலில் அசையவில்லை. சந்தோசமாகத்தான் இருந்தது, ஒளிக்கவில்லை. கிழவி எதையோ சொல்லி, ஒரு சிறிய பிடியைத் தள்ளிவிட்டாள். பிறகு அழுத்தியபோது இறங்கியது. உள்ளே பெரிய மூச்சு விடுவது போல ஒரு சத்தம். மூன்று முறை இறங்கியது. இலக்கங்கள் ஒன்றுதான்.

பிறகு அவளுடைய சமையலறையில் கோப்பி தந்தாள். மறுத்தால் மரியாதை இல்லை என்று குடித்தேன். வாங்கப் போகிறவர் உங்கள் உறவா என்று கேட்டாள். இல்லை, தெரிந்த ஒரு ஆள் என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

வாங்குவதும் விடுவதும் உங்கள் பாடு. என் வேலை முடிந்தது.

பாலேந்திரா


எஸ்பியர்க்
3.5.1986

அண்ணைக்கு,

வாங்குகிறோம். அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இங்கிருந்து கொப்பன்ஹேகன் சந்தைக்கு மீன் கொண்டு போகும் லொறி திரும்பும்போது வெறுமையாக வரும். அதில் ஏற்ற இடம் கிடைத்திருக்கிறது. இவர் 24ஆம் திகதி சனிக்கிழமை அங்கே வருவார்.

‘தெரிந்த ஒரு ஆள்’ என்றதை வாசிக்காமல் தாண்டிவிட்டேன். வாசிக்கும்படி அவரும் கேட்கவில்லை.

சரோஜினிதேவி


புரொண்பி
9.5.1986

சரோஜினிதேவி,

பிந்திவிட்டாய். ரொஸ்கில்டவிலிருந்து ஒரு டெனிஷ்காரன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். எல்லாம் நல்லதற்கே. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். அவன் வரவும் வேண்டாம்.

பாலேந்திரா


எஸ்பியர்க்
17.5.1986

அண்ணைக்கு,

வண்டி விற்றுப்போய்விட்டது என்று இவருக்குச் சொன்னேன். ‘ரொஸ்கில்டக்காரன் ஒருவேளை திரும்பி விப்பான்’ என்றார். பிறகு எழும்பி வேலைக்குப் போனார். அவர் போன பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை.

என் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் மார்கிரட்டிடம், அந்த அம்மாவுக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்து, வாங்கியவன் யாரென்று கேட்கச் சொன்னேன். இடைவேளையில் மேற்பார்வையாளரின் அறையிலிருந்து எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மார்கிரட்டின் முகம் மாறியதைப் பார்த்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: ‘உன் கணவர் குடிப்பாரா?’

வண்டி விற்கப்படவில்லை. வண்டியைப் பார்க்க வந்த கண்ணாடி போட்ட கனவான் திரும்பி வந்து, யூலாந்துக்காரர், அதாவது இவர், மனம் மாறிவிட்டார், அவர் குடிகாரர், சொன்ன சொல்லில் நிற்காதவர், அவருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னாராம்.

என் புருசன் சிகரெட்டும் தொடாதவர். நீங்கள் அவரைக் காலம் முழுக்கக் கீழே வைத்துப் பேசினீர்கள். அது எங்கள் ஊரில் படித்த வியாதி, ஊரோடு போகட்டும் என்று இருந்தேன். ஆனால் அவரை அறியாத ஒரு டெனிஷ் மனுசியிடம் போய், வெறும் வாயால் ஒரு பழி சொல்லி, அவருடைய பிழைப்பை நிறுத்த இரண்டு தெரு நடந்து போயிருக்கிறீர்கள். பால் வாங்கும் வழி என்று இதையும் எழுதுவீர்களோ?

இவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. ரொஸ்கில்டக்காரன் பின்வாங்கிவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மானத்தைக் காப்பாற்ற இல்லை. என் கூடப்பிறந்தவர் இவ்வளவு சின்ன ஆள் என்று அவருக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

24ஆம் திகதி வருகிறார், மார்கிரட் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரோஜினிதேவி


புரொண்பி
26.5.1986

சரோஜினிதேவி,

போக வேண்டாம் என்று எழுதினாய். போனேன். நடந்ததை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். இந்தக் கட்டடத்தில் எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஆறு இருக்கின்றன. எனக்கு இங்கே காணியில்லை, கதிரையில்லை, கையெழுத்துக்கு மதிப்பில்லை. அவர்கள் மட்டும்தான் இன்னும் என்னைக் கண்டால் எழும்பி நிற்கிறார்கள். அவன் இந்தத் தெருவுக்கு வந்தால் யாரென்று கேட்பார்கள். அதை நான் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். குடிகாரன் என்பது வாயில் தானாக வந்தது. அப்படி ஒருவனைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு யோசிக்கவே தேவைப்பட்டதில்லையே.

பத்து மணிக்கு நான் நிலவறைக்கு இறங்கியபோது அவன் வந்துவிட்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. மீன் லொறியில் வந்த மணம் நிலவறை முழுக்க இருந்தது. மூக்கைப் பொத்த நினைத்தேன், பொத்தவில்லை. என்னைக் கண்டதும் எழும்பினான். ‘வாங்கோ ஐயா’ என்றான். என்னுடைய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து விடும்போது எப்படிச் சொல்வானோ அதே மாதிரி.

இங்கர் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டெனிஷில் ஏதோ சொன்னாள். குடி என்ற சொல் எனக்கும் விளங்கும், ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன். நான் சொன்னதையெல்லாம் அவனுக்கு முன்னால் அவனுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கையில் ஸ்பானர் இருந்தது. தலையைக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு கேட்டான். முடித்துவிட்டு, என்னைச் சுட்டிக் காட்டி, இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

அவன் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவளிடம் சொன்னான்: ‘யாய் கெனர் ஹம் இக்க.’

எனக்கு இவரைத் தெரியாது. அவ்வளவுதான். என்னைவிட நல்ல டெனிஷில் சொன்னான்.

நான் திரும்பிப் போயிருக்கலாம். படியில் கால் வைத்தும் விட்டேன். அப்போது அவன் தமிழில், தலை திருப்பாமல் சொன்னான்:

‘ஐயா, அந்த லைற்றை எடுத்து இஞ்சாலை பிடிக்கேலுமே? எனக்கு நிழல் விழுது.’

பிடித்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தேன். காபரேற்றரைக் கழற்றி, துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்தான். பழைய பெற்றோலை வடித்துப் புதியது விட்டான். பிளக் நாலையும் கிழவியின் அடுப்பில் சூடாக்கிக் கொண்டுவந்தான். ‘கொஞ்சம் மேலை’, ‘இஞ்சாலை’, ‘காணும்’ என்பதைத் தவிர என்னோடு வேறு பேச்சில்லை. வெளியே முற்றத்துக்குத் தள்ளினோம். எட்டாவது உதையிலோ ஒன்பதாவது உதையிலோ அது இருமியது. பிறகு பிடித்தது. வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம். இங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவன் காதை மட்டும் எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக் கேட்டான். கேட்டுவிட்டு நிறுத்தினான். ‘வாங்கலாம்’ என்றான். அதுவரைக்கும் அவன் முடிவெடுக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

லொறி எங்கள் கட்டடத்துக்கு முன்னால்தான் நின்றது. அங்கே மட்டும்தான் அகலம் இருந்தது. இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். இரண்டாம் மாடியிலிருந்து நேசரட்ணம் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ‘பாலேந்திரா, ஆர் அது?’ என்றார். நான், ‘ஆரோ மெக்கானிக், மாஸ்டர்’ என்றேன். இதையும் எழுதிவிட்டேன். அவனும் கேட்டான். வண்டியைத் தள்ளுவதை நிறுத்தவில்லை.

தவமணி சமைத்து வைத்திருந்தாள். மேலே வந்து சாப்பிட்டுப் போகச் சொன்னேன். ‘இல்லை ஐயா, உடுப்பு மணக்குது’ என்றான். இங்கரின் சமையலறையில் அதே உடுப்போடு இருந்து ரொட்டி சாப்பிட்டவன்தான்.

எனக்கு ஒன்றைக் கேட்டுச் சொல். தெரியாது என்று ஏன் சொன்னான்? என் முகத்தில் துப்பினானா, இல்லை என்னைக் காப்பாற்றினானா? இரண்டு நாளாக விளங்கவில்லை.

பாலேந்திரா


எஸ்பியர்க்
5.6.1986

அண்ணைக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. புதன்கிழமை எய்னார் வந்து பார்த்தார். ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், இவரிடம் எஞ்சினை மூன்று முறை நிறுத்தித் திரும்ப ஓட வைக்கச் சொன்னார். தொழிற்சங்கத்தில் கதைத்துவிட்டார். ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து இவர் அங்கே வேலை. முதல் வருடம் பழகுபவருக்கு உரிய சம்பளம்தான். நாற்பத்தொரு வயதில் பழகுபவர். இவருக்கு அது சிரிப்பாக இருக்கிறது, எனக்கு இல்லை.

புரொண்பியில் நடந்த எதையும் இவர் எனக்குச் சொல்லவில்லை. ‘கொண்ணை லைற் பிடிச்சவர்’ என்று மட்டும் சொன்னார். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் அறிந்தேன். உங்கள் கேள்வியைக் கேட்டேன். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘தெரியாத ஆள் ஒராளைப் பற்றிப் பிழையாச் சொன்னால், ஆரையோ நினைச்சு மாறிச் சொல்லிப்போட்டார் எண்டு அந்த மனுசி விட்டிடும். மச்சான்காரன் சொன்னவர் எண்டு தெரிஞ்சால் அந்தாளைப் பற்றி என்ன நினைக்கும்? வயசு போன மனுசன். அதே தெருவிலை நாளைக்கும் நடக்க வேணுமெல்லே.’

அவ்வளவுதான். துப்பவில்லை. துப்பும் அளவுக்கு உங்களை அவர் பெரிதாக நினைத்திருக்கவில்லை என்று நான் சொல்லுவேன், அவர் சொல்ல மாட்டார்.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் கை வைத்திருப்பேன். நேசரட்ணம் மாஸ்டருக்குக் கேட்கும்படி தமிழிலும் சொல்லியிருப்பேன். நான் உங்களுடைய தங்கைதான், அந்தக் குணம் எனக்கும் இருக்கிறது. அவருக்கு இல்லை. உங்கள் கடிதத்தில் பத்து இடத்தில் ‘அவன்’ இருக்கிறது. இந்த முறை நான் ஒன்றையும் மாற்றாமல்தான் வாசித்தேன்.

சரோஜினிதேவி


புரொண்பி
14.6.1986

சரோஜினிதேவி,

இங்கர் நாளைக்கு வீட்டை விட்டுப் போகிறாள். மகள் முன்னதாகவே வந்துவிட்டாள். நேற்றுப் பெட்டி தூக்க உதவிக்குப் போனேன். யாரும் கேட்டுப் போகவில்லை.

எல்லாம் முடிந்து கோப்பி ஊற்றும்போது சொன்னேன். என் டெனிஷ் உனக்குத் தெரியாது, படுமோசம். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை ஆங்கிலமும் டெனிஷுமாகச் சொன்னேன். அவர் என் தங்கையின் புருசன். அவர் குடிப்பதில்லை. நான் பொய் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. கோப்பியை ஊற்றி முடித்துவிட்டுச் சொன்னாள்: ‘தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதற்காக நீங்கள் இரண்டு மணி நேரம் விளக்குப் பிடித்திருக்க மாட்டீர்கள்.’

பிறகு கேட்டாள்: ‘எதற்காகப் பொய் சொன்னீர்கள்?’ எங்கள் படலையையும் ஒழுங்கையையும், யார் எதுவரை வரலாம் என்பதையும் ஒரு டெனிஷ் மனுசிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கிருந்து தொடங்கினாலும் நடுவில் எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். நான் துடைத்துக் கொடுத்தேன். போகும்போது கை தரவுமில்லை.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஆடி மாதம் எனக்கு இரண்டு கிழமை லீவு இருக்கிறது. தவமணி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எஸ்பியர்க்குக்கு வரலாமா என்று அவரிடம் கேட்டு எழுது.

பாலேந்திரா


எஸ்பியர்க்
19.6.1986

அண்ணைக்கு,

இவரிடம் கேட்டேன். ‘வரட்டும்’ என்றார்.

‘வாருங்கள்’ என்று நான் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு ஊரை விட்டுப் போகிற ஒரு டெனிஷ் மனுசியிடம் உண்மை சொல்வது சுகம். உங்கள் கட்டடத்தில் ஆறு குடும்பம் இருக்கிறது. மச்சாளைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போங்கள். நேசரட்ணம் மாஸ்டருடைய கதவில் தொடங்குங்கள். அன்றைக்கு வண்டி தள்ளியவர் ஆரென்று ஆறு வீட்டிலும் சொல்லுங்கள்.

சொல்லிப்போட்டு இங்கே வர ரிக்கற் எடுங்கள்.

சரோ